பொது மண்டபமும் பொதுஜனங்களும்
(சென்னை விக்டோரியா மண்டபத்தின் வரலாறு)



ஊரார் ஒன்றுகூட ஒரு மண்டபம் வேண்டுமென்ற எண்ணம் நம் முன்னோர்க்குப் புதியதன்று. விருத்தாசலம் பழமலைநாதர் ஆலயத்து மண்டபங்களைக் கண்டு வளர்ந்த மங்களூர்ப் பகுதியார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் கோயில் மண்டபம் தெய்வத்திற்குரியது. சாவடியோ ஊர்ப் பெரியதனக்காரர்களின் அதிகாரத்திற்குட்பட்டது. இன்ன குலத்தார், இன்ன சமயத்தார் என்ற வினாவின்றி எவரும் வாடகை செலுத்திக் கூட்டம் கூடுதற்குரிய மண்டபம் என்பது நம் நாட்டில் சென்ற நூற்றைம்பது ஆண்டுகளுக்குள் வேரூன்றிய வழக்கமே. அவ்வகை மண்டபங்களுள் தலைசிறந்ததாகிய சென்னை விக்டோரியா மண்டபம் எழுந்த வரலாற்றை ஈண்டுச் சுருக்கி உரைப்போம்.

1882-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சென்னைப் பிரமுகர்கள் பச்சையப்பன் மண்டபத்தில் கூடி, நகருக்கென ஒரு பொது மண்டபம் எடுப்பித்தல் வேண்டுமெனத் தீர்மானித்தனர். அவர்கள் கூடிய இடமே ஒரு பாடமாகும். 1794-இல் காலஞ்சென்ற பச்சையப்ப முதலியார் தருமத்திற்கென எழுதிவைத்த பொருள் நெடுங்காலம் உரியவாறு பயன்படாதிருந்து, நீதிமன்றத்தின் தலையீட்டால் மீட்கப்பட்டு, பின்னரே கல்விச் சாலையாகவும் மண்டபமாகவும் உருவெடுத்தது. ஒருவர் விட்டுச்சென்ற தருமத்தின் நிழலில் நின்று, பலர் கூடிச் செய்யும் தருமத்திற்கு அன்று வித்திட்டனர்.

காரியத்தை நடத்தப் பன்னிருவர் கொண்ட குழு அமைந்தது. 1883 டிசம்பர் 17-இல் விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி அஸ்திவாரக்கல் நாட்டினார். சமஸ்தானாதிபதிகளும் ஜமீன்தார்களும் கனவான்களும் நன்கொடை நல்கினர். எனினும் கல் நாட்டியவுடன் கட்டடம் எழுந்துவிடவில்லை. 1886-இல்தான் நகராண்மைச் சபையார் பீப்பிள்ஸ் பார்க்கு என்னும் பூங்காவில் 57 கிரவுண்டு நிலத்தை, கிரவுண்டு ஒன்றுக்கு எட்டணா வீதம், ஆண்டுக்கு 28 ரூபாய் 8 அணா வாடகையில், 99 ஆண்டுக் குத்தகைக்கு அளித்தனர். பொதுக் காரியத்தில் உற்சாகம் முன்னே ஓடும். பணமும் பத்திரமும் பின்னே மெல்ல நடந்து வரும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

மண்டபத்திற்கு வரைபடம் வகுத்தவர், சென்னை செனேட் மாளிகையை அமைத்த சிஷோலம் துரை. கட்டி முடித்தவர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார். செங்கல்லும் சுண்ணமுமாக எழுந்த அச்சிவந்த கட்டடத்தில் கீழும் மேலுமாக இரு கூடங்கள். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ அறுநூறு பேர் அமரலாம். கோபுரத்தின் கூரை திருவாங்கூர் நாட்டுப் பாணியைத் தழுவியது. அதன் விளிம்பிலே சுட்ட களிமண் வேலைப்பாடு இழைந்தோடுகின்றது. பீங்கான் தொழிலால் பெயர்பெற்ற விருத்தாசலத்தார் சென்னை செல்லுங்கால், சென்ட்ரல் ரயில் நிலையத்திற்கு அருகே, ரிப்பன் மாளிகையை அடுத்து நிற்கும் இதனை நிமிர்ந்து நோக்கி, மண்ணின் பெருமையைக் கண்டு மகிழலாம். விக்டோரியா மகாராணி அரசு கட்டிலேறி ஐம்பதாண்டு நிறைந்ததன் நினைவாக மண்டபத்திற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. கன்னிமரா பிரபு கவர்னராயிருந்த காலத்தில் அதனைத் திறந்து வைத்தார்.

திறப்பு விழாவின் தோரணம் வாடிய பின்னரே மண்டபத்தின் மெய்யான வாழ்வு தொடங்குகின்றது. 1897 பிப்ரவரியில், மேனாடு சென்று மீண்ட சுவாமி விவேகானந்தர் இங்கே சொற்பொழிவாற்றினார். பம்மல் சம்பந்த முதலியார் முதலியோர் 1891-இல் நிறுவிய சுகுண விலாச சபையார் இம்மண்டபத்தில் பல்லாண்டுகள் நாடகம் நடத்தினர். கூத்தாடிகளின் தொழிலென்று இகழப்பட்ட நாடகத்தை வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் வேடந்தாங்கி நடித்து மதிப்புடையதாக்கினர்.

இனி, அதே 1897-ஆம் ஆண்டின் மற்றொரு நிகழ்ச்சியையும் நேயர்கள் நினைவுகூர்தல் வேண்டும். அவ்வாண்டு மே மாதத்தில் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் ஆலயத்தினுள் நாடார் சமூகத்தார் சிலர் புகுந்து வழிபட்டனர். அதன்பொருட்டு இராமநாதபுரம் ஜமீன்தார் தொடுத்த வழக்குப் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908-இல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. ஓரிடத்தில் கட்டணம் செலுத்தியவர் எவரும் அமரக்கூடிய கூடம். மற்றோரிடத்தில் பிறப்பை வினவி அடைக்கப்பட்ட கதவு. இரண்டும் ஒரே மாகாணத்தில், ஒரே காலத்தில் இருந்தன!

அச்சமூகத்தார் கதவு திறக்கும்வரை கைகட்டி நிற்கவில்லை. விருதுபட்டி என அந்நாளில் வழங்கிய விருதுநகரில், வாணிகத்தில் சிறு பங்காகச் சேர்த்த மகமைப் பணத்தைக் கொண்டு 1889-இலேயே க்ஷத்திரிய வித்தியாசாலையை நிறுவினர். தம்மவர் பணத்தால் எழுந்த அப்பள்ளியை எல்லா வகுப்புப் பிள்ளைகளுக்கும் திறந்து வைத்தனர். தமக்கு மறுக்கப்பட்டதைத் தாம் பிறர்க்கு மறாமையே உயர்குணமன்றோ?

விக்டோரியா மண்டபமும் குறையற்றதன்று. வாடகைக்கும் நுழைவுச் சீட்டிற்கும் பொருளில்லாத ஏழைக்கு அங்கே பிறப்பு தடையாகாவிடினும் வறுமை தடையாயிற்று. மேலும், எழுப்புதற்குக் காட்டிய ஊக்கம் பேணுதற்கு நீடிக்கவில்லை. நாளடைவில் கட்டடம் பழுதுற்றது. 1968 ஜனவரியில் நடைபெற்ற உலகத் தமிழ் மாநாட்டையொட்டி அது செப்பனிடப்பட்டது. 1985-இல் குத்தகைக் காலம் முடிந்தது. பின்னர் மாநகராட்சியே அதனைப் பழுதுபார்க்கும் பொறுப்பை ஏற்க நேர்ந்தது.

நம் சிற்றூர்களிலும் இன்று கலியாண மண்டபங்களும் சமுதாயக் கூடங்களும் எழுகின்றன. அவற்றை எடுப்பிக்க முற்படுவோர் இவ்வரலாற்றினின்று மூன்று செய்திகளைக் கொள்ளலாம். நிலத்தின் உரிமை பத்திரத்தில் ஐயமின்றி அமைதல் வேண்டும். கல் நாட்டுவது அதன் பின்னரே ஆகுக. கட்டும் செலவோடு நில்லாது, ஆண்டுதோறும் வெள்ளையடிக்கவும் கூரை பழுதுபார்க்கவும் ஒரு நிதி தனியே வைத்தல் வேண்டும். கதவை யார்க்குத் திறப்பது என்பதைக் கட்டத் தொடங்கும் முன்னரே எழுதி வைத்தல் வேண்டும். முதலிரண்டும் தவறின் மண்டபம் கெடும். மூன்றாவது தவறின், மண்டபம் நின்றும் அதனை எடுப்பித்தவர் பெயர் நில்லாது. ஒரு சமூகத்தின் பெருமையை, அது கட்டிய கூடத்தின் உயரத்தைக் கொண்டு உலகம் அளப்பதில்லை. அதனுள் ஏழையும் அயலானும் கூசாது அமர்ந்தனரா என்பதைக் கொண்டே அளக்கின்றது.