சைக்கிளுக்குப் பின்னாடி ஒரு சிவப்பு வெளிச்சம்

போன வாரம் டவுனுக்குப் போய் எங்க மச்சான் சைக்கிளுக்கு ஒரு பின்லைட்டு வாங்கிட்டு வந்தேன். இதெல்லாம் எழுதுற விஷயமான்னு கேப்பீங்க. எங்க பக்கம் பம்புசெட்டுக்கு மும்முனைக் கரண்ட்டு பாதி நாள் ராத்திரியிலதான் வரும். ரெண்டு மணிக்கு எந்திரிச்சுத் தண்ணி கட்டப் போறவங்க பல பேரு இன்னும் சைக்கிள்தான். மாசி மாசம் அப்படிப் போன மச்சானைப் பின்னாடி வந்த வேன் ஒண்ணு தட்டி விட்டுட்டு நிக்காமப் போயிருச்சு. தோள்பட்டை எலும்பு முறிஞ்சு மூணு மாசம் கட்டில்ல கிடந்தாரு. அன்னிக்கு அவரு சைக்கிள்ல முன்னாடி டைனமோ லைட்டு நல்லாத்தான் எரிஞ்சிருக்கு. பின்னாடி ஒண்ணுமில்ல.

அது அவரு தப்பு மட்டுமில்ல. நான் பள்ளிக்கூடம் போன 1980கள்ல, ராத்திரி லைட் இல்லாமப் போனா போலீஸ்காரங்க புடிச்சு டயர்ல காத்தைப் புடுங்கி விடுவாங்க. வால்டியூபைக் கையோட எடுத்துக்கிட்டவங்களும் உண்டு. அதுக்குப் பயந்து டார்ச்சைக் கையில புடிச்சுக்கிட்டு ஓட்டினவங்களைப் பார்த்திருக்கேன். ஆனா ஒருத்தர்கூட பின்னாடி வந்து குனிஞ்சு பார்த்ததில்ல. லைட்டுன்னா முன்லைட்டுதான்.

இது வெள்ளைக்காரன் ஊர்லயே அப்படித்தான் ஆரம்பிச்சிருக்கு. இங்கிலாந்துல 1888ஆம் வருஷத்து உள்ளாட்சிச் சட்டம் சைக்கிளையும் ஒரு வண்டின்னு சேர்த்துக்கிட்டு, ராத்திரியில விளக்கு வேணும்னு சொல்லுச்சு. போற திசையைப் பார்த்து எரியிற விளக்கு. பின்பக்கத்தைப் பத்திப் பேச்சே இல்ல. அன்னைக்குப் பின்னாடி வந்தது குதிரைவண்டி. குதிரைக்குக் கண்ணு தெரியும், தானா ஒதுங்கிக்கும்.

மோட்டார் பெருகின பிறகுதான் சண்டை வந்துச்சு. பின்லைட்டைக் கட்டாயமாக்கணும்னு பேச்சு எழுந்தப்போ, அங்கே சைக்கிளிஸ்ட்ஸ் டூரிங் கிளப்னு இருந்த பெரிய சங்கம் எதிர்த்து நின்னுச்சு. தன் விளக்கு வெளிச்சத்துல தெரியிற தூரத்துக்குள்ள வண்டியை நிறுத்துற மாதிரி ஓட்டுறது கார்காரன் பொறுப்பு, அவன் வேகத்துக்காக நாங்க ஏன் விளக்கு சுமக்கணும்னாங்க. 1927ல் வந்த சட்டம் நடுவுல நின்னுச்சு: சிவப்பு விளக்கு வை, இல்லேன்னா சிவப்பு ரிஃப்ளெக்டர் வை. 1939ல் உலகப் போர் வந்து, ஊரெல்லாம் விளக்கை அணைச்ச இருட்டுல பின்லைட்டு கட்டாயமாச்சு. போர் முடிஞ்சும் அந்தக் கட்டாயம் போகல. சங்கத்துக்காரங்க வாதம் எனக்கு இன்னிக்கும் நியாயமாத்தான் படுது. ஆனா அந்த வேன்காரனுக்கு நியாயத்தை யாரு போய்ச் சொல்றது?

டைனமோ வந்தும் பின்பக்கத்துக்குக் கிடைச்சது மிச்சம் மீதிதான். 6 வோல்ட், 3 வாட் டைனமோன்னா முன்பல்புக்கு 2.4 வாட், பின்பல்புக்கு 0.6. முன்பல்பு ஃபியூஸ் போச்சுன்னா மொத்தக் கரண்ட்டும் பின்பல்புல பாஞ்சு அதையும் கருக்கிரும். சக்கரம் நின்னா லைட்டும் நின்னுரும். எங்க ஊர்ல பின்பல்புக்கு ஒயர் இழுத்தவங்களே கம்மி. மட்கார்டுல ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டர் இருக்கும், அது போதும்னு விட்டுட்டோம். மேல வெளிச்சம் பட்டாத்தான் அது மின்னும். அதுலயும் சேறு அப்பியிருந்தாலோ, கேரியர்ல கட்டின புல்லுக்கட்டு தொங்கி மறைச்சாலோ ஒண்ணும் தெரியாது. மச்சான் சைக்கிள்ல இருந்த ரிஃப்ளெக்டர் எப்பவோ உடைஞ்சு போச்சு.

எல்இடியிலதான் பின்பக்கத்துக்கு முதல் மரியாதை. 1962ல் அமெரிக்காவுல நிக் ஹோலோன்யாக்குங்கிறவர் செஞ்சு காட்டின எல்இடி சிவப்புதான். வெள்ளை வெளிச்சத்துக்கு நல்ல நீல எல்இடி வேணும். அது வர 1990கள் ஆச்சு.

கடையில பத்து வகை எடுத்துப் போட்டாங்க. சீட்டுக்கு அடியில மாட்டுறது வேண்டாம்னுட்டேன், புல்லுக்கட்டு மறைச்சிரும். மட்கார்டு நுனியில மாட்டுற மாதிரி, மழைத்தண்ணி இறங்காததா, செல்போன் சார்ஜர்லயே சார்ஜ் ஏறுறதா ஒண்ணு எடுத்தேன். வீட்டுக்கு வந்து, சைக்கிளை ரோட்டோரம் நிறுத்திட்டு, வாய்க்கால் வளைவு வரைக்கும் நடந்து போய்த் திரும்பிப் பார்த்தேன். முதல்ல ஒண்ணுமே தெரியல. லைட்டு தரையைப் பார்த்து எரிஞ்சிட்டு இருந்திருக்கு! நிமித்தி வெச்சதும் பளிச்சுன்னு தெரிஞ்சுது. விட்டு விட்டு எரியிறப்போ தூரம் எவ்வளவுன்னு எனக்குப் பிடிபடல. அதனால ஒரே மாதிரி எரிய விட்டுட்டேன்.

மச்சானுக்குத்தான் நம்பிக்கை வரல. "ஏன் மாப்ள, எனக்குத் தெரியாத லைட்டு எரியுதா இல்லையான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"ன்னாரு. முதல் ராத்திரி தோட்டத்துக்குப் போறதுக்குள்ள நாலு தடவை இறங்கிப் பார்த்தாராம்.