வீடு காட்ட ஹவுஸ் ஓனர் திடீர்னு உள்ளே வரலாமா? வாடகைதாரர் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம்

ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பிட உட்காரும் நேரத்தில் காலிங் பெல். வாசலில் ஹவுஸ் ஓனர், புரோக்கர், கூடவே ஒரு குடும்பம். "வீடு பார்க்க வந்திருக்காங்க, அஞ்சு நிமிஷம்தான்" என்று சொல்லிக்கொண்டே படுக்கையறை வரை போய்விடுகிறார்கள். அவர் வீடுதானே, கேட்கவா முடியும் என்று பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். ஆனால், தாராளமாகக் கேட்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் வாடகை வீடுகளுக்கான 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி, உரிமையாளர் வீட்டுக்குள் வர குறைந்தது 24 மணி நேரம் முன்பே எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டும். என்ன காரணம், எந்த நாள், எத்தனை மணி என்பதும் அதில் இருக்க வேண்டும்.

எந்தக் காரணங்களுக்கு வரலாம்?

* பழுதுபார்க்கும் வேலை
* வீடு குடியிருக்கத் தகுந்த நிலையில் உள்ளதா என்று பார்ப்பது
* வாடகை ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட வேறு நியாயமான காரணம்

கவனியுங்கள், புதிய ஆட்களுக்கு 'வீடு காட்டுவது' இந்தப் பட்டியலில் தனியாக இல்லை. அது உங்கள் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தால், 24 மணி நேர நோட்டீஸ் கொடுத்துவிட்டு வரலாம். எழுதவில்லை என்றால், உங்கள் சம்மதத்தோடுதான் காட்ட முடியும்.

வாட்ஸ்அப் மெசேஜ் போதுமா?

மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டம் மின்னணு வழித் தகவலையும் ஏற்கிறது. சூரிய உதயத்துக்கு முன்பும், அஸ்தமனத்துக்குப் பின்பும் நுழையக் கூடாது என்றும் சொல்கிறது. ஆனால் அது மாநிலங்களுக்கான மாதிரி மட்டுமே. தமிழ்நாட்டுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது.

ஆள் இல்லாதபோது மாற்றுச் சாவி போட்டுத் திறந்தால்?

சாவி கையில் இருப்பதால் மட்டும் உரிமை வந்துவிடாது. வாடகையை ஒழுங்காகக் கட்டி, ஒப்பந்தப்படி நடப்பவர் இடையூறு இல்லாமல் குடியிருக்கலாம் என்கிறது 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-வது பிரிவு. மிரட்டும் அல்லது தொந்தரவு செய்யும் நோக்கத்தோடு நுழைந்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-வது பிரிவில் அத்துமீறல் புகாருக்கும் வழி உண்டு.

வீடு காட்ட மறுத்ததற்காகத் தண்ணீர், கரண்ட்டை நிறுத்துவதும் சட்டப்படி தவறு. இதற்கு, துணை ஆட்சியர் நிலையில் உள்ள வாடகை அதிகாரியிடம் புகார் தரலாம்.

வாடகைதாரர் என்ன செய்யலாம்?

காலி செய்வதாகச் சொன்ன பிறகு ஒரேயடியாக மறுத்தால் மனக்கசப்புதான் மிஞ்சும். அட்வான்ஸ் திரும்ப வரும் நேரமும் அதுதான். அதனால், "சனி, ஞாயிறு மாலை 4 முதல் 6 மணி வரை காட்டலாம்" என்று நீங்களே நேரம் குறித்து மெசேஜ் அனுப்பிவிடுங்கள். நகை, பணம், ஆவணங்களைப் பூட்டி வையுங்கள். உங்கள் பொருட்கள் தெரியும்படி போட்டோ, வீடியோ எடுக்க வேண்டாம் என்றும் முன்பே சொல்லுங்கள்.

புதிதாக ஒப்பந்தம் போடுபவர்கள் இந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்: "காலி செய்யும் நோட்டீஸ் கொடுத்த பிறகு மட்டும், 24 மணி நேரம் முன்பே எழுத்தில் தெரிவித்து, வாடகைதாரர் வீட்டில் இருக்கும்போது வீட்டைக் காட்டலாம்." கையெழுத்துப் போடும் முன் இதைக் கேட்டு வாங்கிவிட்டால், பின்னால் வாசலில் நின்று வாக்குவாதம் செய்ய வேண்டியிருக்காது.