பேச்சுக்கு வழிவிடும் இசை

இராசபாளையத்தை அடுத்த சோழபுரத்தில் நான் சிறுவனாய்க் கண்ட திருவிழா ஒன்று இன்னும் என் செவியில் நிற்கிறது. புளியமரத்தில் கட்டிய கூம்புக் குழாயிலிருந்து இசைத்தட்டு முழங்கிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் ஒரு குழந்தை காணாமற்போயிற்று. பெரியவர் ஒருவர் ஒலிவாங்கியைப் பற்றிச் சிவப்புச் சட்டை, காலில் கொலுசு என்று அடையாளம் சொன்னார். ஒரு சொல்லும் எவர் காதிலும் விழவில்லை. பாட்டைத் தணிக்க வேண்டிய மைக்செட்காரர் தேநீர் அருந்தப் போயிருந்தார். அவர் வந்து குமிழைத் திருகிய பின்னரே செய்தி ஊருக்குக் கேட்டது, குழந்தையும் கிடைத்தது. அந்தக் கால் மணி நேரம் அத்தாய் பட்ட பாட்டை நான் மறக்கவில்லை.

மாணவ நண்பர்களே, அந்தக் குமிழின் வரலாற்றையே சொல்லப் புகுகிறேன். 1939 மே 16இல் திருச்சி வானொலி தொடங்கிய நாளில் அறிவிப்பாளர் வாய் திறந்தால் இசையைத் தாழ்த்தியது மனிதக் கையே. 1963 டிசம்பர் 1இல் நமக்கு அண்மையில் திருநெல்வேலி நிலையம் எழுந்தபோதும் கையின் வேலை ஓய்ந்துவிடவில்லை.

கையினும் விரைந்த கருவி அமெரிக்காவில் முன்பே பிறந்திருந்தது. 1937இல் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் வானொலி நிலையங்களுக்காக 110ஏ என்னும் பெருக்கியை வெளியிட்டது. ஒலி மிகும்போது அது தானே அடக்கும். இவ்வகைக் கருவியில் புகும் ஒலி இரு கிளையாகப் பிரியும். ஒன்று வெளியே செல்லும். மற்றொன்று நம் செவிக்கு எட்டாமல், அளவை மட்டும் பார்த்துக் கருவிக்கு உரைக்கும். அதற்கே 'சைடு செயின்' என்று பெயர். அக்கிளையில் வேறோர் ஒலியைப் புகுத்தினால் என்ன? கருவி பேச்சைக் கேட்டு இசையை அடக்கும். மைக்செட்காரர் இனி நிம்மதியாகத் தேநீர் அருந்தலாம்!

இன்றைய கணிப்பொறி மென்பொருளில் இதனை அமைப்பது எளிது. கம்ப்ரசரை இசைத் தடத்தில் வைக்க வேண்டும். பேச்சுத் தடத்தில் வைத்துவிட்டுத் திகைப்போர் பலர். பின்பு அதன் சைடு செயின் உள்ளீடாகப் பேச்சுத் தடத்தைத் தேர்ந்தெடுங்கள். ரீப்பர் மென்பொருளாயின், பேச்சிலிருந்து இசைத் தடத்தின் 3, 4ஆம் சேனல்களுக்கு ஒரு கிளை அனுப்பி, கம்ப்ரசர் அவற்றையே கேட்குமாறு செய்தல் வேண்டும். விகிதம் 3க்கு 1 போதும். 'த்ரெஷோல்ட்' என்னும் வரம்பை மெல்ல இறக்கி, பேசும்போது இசை 6 முதல் 9 டெசிபல் வரை தாழுமாறு நிறுத்துங்கள். தாழ்வதற்கு 10 அல்லது 20 மில்லி விநாடி கொடுக்கலாம்.

மீண்டும் எழும் காலத்தில்தான் கவனம் வேண்டும். அது மிகக் குறுகினால் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே இசை துள்ளி எழுந்து, மூச்சிரைப்பதுபோல் ஒலிக்கும். நடன இசைக்காரர் அக்குறையையே அழகாக்கினர். 2004இல் எரிக் பிரிட்ஸ் வெளியிட்ட 'கால் ஆன் மீ' பாடலில் முரசு விழும்தோறும் இசை அமிழ்ந்து எழுவதைக் கேட்கலாம். பேச்சுக்கு அது ஆகாது. 400 மில்லி விநாடிக்குக் குறைய நான் வைப்பதில்லை.