நெல் விளையும் முள்ளியவளையில் கோதுமை மாப் புட்டு

முள்ளியவளை, தண்ணீரூற்று, குமுழமுனை விவசாயிகள் தண்ணிமுறிப்புக் குளத்தை நம்பியும் மழையை நம்பியும் காலபோக நெல் விதைக்கிறார்கள். முன்பு சூடடித்த நெல் முற்றத்தில் காய்ந்து கொம்பறைக்குள் போகும். வீட்டுச் சாப்பாட்டுக்கும் விதைக்கும் ஒதுக்கிய பிறகுதான் மிச்சம் விற்பனைக்கு. இப்போது வெட்டும் மெசின் கொட்டுகிற ஈரநெல்லை வியாபாரியின் லொறி வயலோரத்திலேயே ஏற்றிக்கொண்டு போகிறது. மெசின் கூலியும் உரக்கடனும் அடகு நகையும் காத்திருக்க விடுவதில்லை. ஈரப்பதம் 14 சதவீதத்தைத் தாண்டினால் நெல் சந்தைப்படுத்தும் சபையிடமும் முழு விலை கிடையாது. காயவைக்கக் களமும் இல்லை. சில மாதங்களில் அதே விவசாயி கடையில் அரிசியும் கோதுமை மாவும் வாங்குகிறார்.

இந்த மாற்றத்தைச் சோம்பல் என்று சொல்பவர்கள் உண்டு. அது நியாயமில்லை. 2008 இன் கடைசியில் ஊரை விட்டு ஓடியவர்கள் விதைநெல்லையும் மாடுகளையும் விட்டுத்தான் ஓடினார்கள். முள்ளிவாய்க்காலில் கஞ்சி, பிறகு மெனிக் பாம் முகாமில் நிவாரண அரிசி, பருப்பு, கோதுமை மா. மீளக்குடியேறியபோதும் நிவாரண மாதான் கைகொடுத்தது. அந்த ஆண்டுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் புட்டு என்றால் வெள்ளைப் புட்டுத்தான். குரக்கன், சாமி, பயறு போட்ட மேட்டுக்காணிகள் பல காடாகின. குரங்கும் மயிலும் யானையும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கின்றன. 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு. கோதுமை மாவில் அதில் பத்திலொரு பங்குகூட இல்லை.

1990களின் பொருளாதாரத் தடையில் வன்னிக்கு உரம் வரவில்லை. விளைச்சல் குறைந்தது, ஆனால் விளைந்தது வீட்டில் இருந்தது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியபோது காலபோகம் விதைத்தாகிவிட்டது. இம்முறை விளைச்சலும் குறைந்தது, கொம்பறையும் இல்லை. மறுவருடம் மா விலை ஏறியபோது வயல்காரரும் கூலிக்காரரும் ஒரே கடை வாசலில் நின்றார்கள். நாடு முழுவதும் 63 இலட்சம் பேருக்கு உணவுப் பாதுகாப்பு இல்லை என்று 2022 செப்டெம்பரில் ஐ.நா. அமைப்புகள் மதிப்பிட்டன.

நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு வருடத்துக்குச் சுமார் 430 கிலோ அரிசி வேண்டும். அதற்கு ஏறக்குறைய 660 கிலோ நெல், அதாவது பத்து மூடை. ஒரு ஏக்கரின் நல்ல விளைச்சலில் பாதிக்குள் அடங்கிவிடும். அந்தப் பத்து மூடையை லொறி வருமுன் ஒதுக்கிவைக்க ஊருக்கு ஒரு பொதுக்களமும், நெல்லை ஈடாக வைத்துக் கமக்காரர் அமைப்பு கொடுக்கும் சிறு கடனும் வேண்டும். ஆட்டக்காரி போன்ற நாட்டுநெல்லை இன்னும் வைத்திருக்கும் வீடுகளிடமிருந்து அடுத்த காலபோகத்துக்கு முன்பே விதையும் வாங்கிவைக்கலாம்.