ஏறின இடத்திலேயே இறங்குகிற கப்பல்

மல்லாங்கிணறு என்கிற பெயரில் கிணறு இருக்கிறது. கடல் இல்லை. கரிசலும் கண்மாயும் சீமைக்கருவேலமும்தான் ஊர். சின்ன வயதில் நான் பார்த்த பெரிய தண்ணீர் என்றால் ஐப்பசி மழை பெய்து நிறைந்த கண்மாய்தான். அதுவும் எல்லா வருஷமும் கிடையாது.

அந்த ஊரில் ஒரு பண்டிகை நாள் மதியம். டிவியில் ‘மன்மதன் அம்பு’ ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அப்பத்தா. 2010 டிசம்பரில் வெளியான படம், கே.எஸ். ரவிகுமார் இயக்கம், கதையும் திரைக்கதையும் கமல்ஹாசன். நடிகையான காதலி மேல் சந்தேகப்படும் பணக்காரர், அவரைக் கண்காணிக்க ஒரு முன்னாள் ராணுவ மேஜரை அனுப்புகிறார். நண்பனின் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பணம் வேண்டும் என்பதால் மேஜரும் ஒப்புக்கொள்கிறார். அப்புறம் ஐரோப்பா, மத்தியதரைக் கடல், சொகுசுக் கப்பல், பொய், காதல்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அப்பத்தா கேட்டார்: “ஏய்யா, இவுக எல்லாம் என்ன வேலைக்குப் போறாக?”

வேலைக்கு இல்ல அப்பத்தா, சும்மா சுத்திப் பாக்க என்றேன். சுற்றிப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிடுவார்கள் என்றும் சொன்னேன்.

“திரும்பி வாரதுக்கு எதுக்குக் கப்பலு?”

சிரித்துவிட்டேன். அது வேடிக்கைக் கேள்வி இல்லை என்று புரிய எனக்குப் பல வருஷம் ஆனது.

சொகுசுக் கப்பல் காதலுக்கு ஒரு மூத்த அச்சு உண்டு. அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 1977 முதல் 1986 வரை வாராவாரம் வந்த ‘தி லவ் போட்’. கப்பலில் பொழுதுபோக்குப் பொறுப்பாளராக வேலை பார்த்த ஜெரால்டின் சாண்டர்ஸ் 1974-ல் தன் அனுபவங்களைப் புத்தகமாக எழுதினார். அதிலிருந்து முதலில் டிவி படங்கள், பிறகு ஆரோன் ஸ்பெல்லிங் தயாரிப்பில் தொடர். கேப்டன், டாக்டர், பார்டெண்டர் எல்லாம் நிரந்தரம். பயணிகள் மட்டும் வாரத்துக்கு வாரம் புதுசு. ஒரு எபிசோடில் ஏறக்குறைய மூன்று கதைகள், ஒரே கப்பலில் பக்கம் பக்கமாக ஓடும். என் தொழில் பாஷையில் சொன்னால், ஒரே புராசஸில் மூன்று த்ரெட். பிரிந்த தம்பதி சேர்வார்கள், வயதானவர் மறுபடி காதலிப்பார், கூச்சப்படுகிற பையனுக்குத் தைரியம் வரும். கடைசிக் காட்சியில் எல்லோரும் கேப்டனிடம் விடைபெற்று இறங்கிப் போவார்கள்.

அந்தக் காலம் முக்கியம். 1958-ல் அட்லாண்டிக்கைக் கடந்து ஜெட் விமானங்கள் ஓட ஆரம்பித்ததும், ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ஆள் ஏற்றிப்போகும் கப்பல்கள் நொடித்துப்போயின. பிழைக்க வேண்டுமென்றால் பயணத்தையே சரக்காக விற்க வேண்டும். எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்காத, புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிற கப்பல் பெருகியது அப்படித்தான். அதற்கு ‘லவ் போட்’ வாராவாரம் ஒரு மணி நேர விளம்பரம். அதில் வந்த ‘பசிபிக் பிரின்சஸ்’ நிஜக் கப்பல். 2013-ல் துருக்கியில் உடைக்கப் போனது.

அதே வருஷங்களில் நம்மிடமும் ஒரு கப்பல் ஓடியது: எம்.வி. சிதம்பரம். 1966-ல் பிரெஞ்சுக் கம்பெனிக்காகக் கட்டி, பின்னால் இந்தியக் கப்பல் கழகம் வாங்கியது. அதற்கு முந்தைய தலைமுறைக்கு ‘ரஜூலா’. 1926-ல் ஸ்காட்லாந்தில் கட்டியது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. ஆரம்பத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. டெக் என்றால் அறை கிடையாது. பாய் விரித்த இடம்தான் உங்கள் இடம். மேல்வகுப்பினர் பினாங்கில் இறங்கி நேராக ஊருக்குள் போகலாம். டெக் பயணிகளை முதலில் ஜெரஜாக் தீவில் தொற்றுத்தடுப்பு முகாமில் அடைத்துவைப்பார்கள். சிங்கப்பூரில் அதற்கு செயின்ட் ஜான்ஸ் தீவு.

டெக்கில் காதலே நடந்திருக்காதா? ஒரு வாரம் கடலில் கிடக்கும் ஆயிரக்கணக்கான மனுசர்களுக்குள் என்னென்னவோ நடந்திருக்கும். ஆனால் கப்பல் என்ற சொல் எங்கள் பக்கத்து வீடுகளுக்குக் காதலாக வந்து சேரவில்லை.

அப்பத்தாவின் அய்யா மலேயா போனவர். முப்பதுகளின் நடுவில், மழை பொய்த்த ஒரு வருஷம், கங்காணியோடு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார். தொழிலாளர்களை அப்படிக் கூட்டிக்கொண்டு போவதை இந்திய அரசு 1938-ல் நிறுத்திவிட்டது. அவர் அதற்குள் போயாகிவிட்டது. காகிதம் வந்துகொண்டிருந்தது. 1942-ல் ஜப்பான்காரன் மலேயாவைப் பிடித்தான். கப்பலும் நின்றது, காகிதமும் நின்றது. தோட்டங்களிலிருந்து தமிழர்களைச் சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். பல்லாயிரம் பேர் அங்கேயே செத்தார்கள். அவர் அங்கே செத்தாரா, தோட்டத்திலேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டாரா, யாருக்கும் தெரியாது. சேதி வராததால் அப்பத்தாவின் ஆத்தா கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை.

எந்தக் கப்பலில் போனார், ரஜூலாவா என்று ஒருமுறை கேட்டேன். “கப்பலுன்னா கப்பலுதான்” என்றார் அப்பத்தா.

1985 பிப்ரவரியில் எம்.வி. சிதம்பரம் நடுக்கடலில் தீப்பிடித்தது. பலர் இறந்தார்கள். அந்தக் கப்பல் மறுபடி பயணிகளை ஏற்றவில்லை. தமிழ்நாட்டுக்கும் சிங்கப்பூருக்கும் இடையிலான பயணிகள் கப்பல் காலம் அதோடு முடிந்தது. அடுத்த மாதம் பழைய ராமநாதபுரம் மாவட்டத்தைப் பிரித்தார்கள். கடல் ராமநாதபுரத்தோடு போனது. நாங்கள் கடல் இல்லாத காமராஜர் மாவட்டம், பிற்பாடு விருதுநகர் மாவட்டம்.

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘எம்பிரஸ்’ சொகுசுக் கப்பலை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பினார். நீச்சல் குளம், பாட்டுக் கச்சேரி, திரும்பவும் சென்னை. அலுவலகத்தில் நண்பர்கள் சிலர் டிக்கெட் போட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. கொள்கை எல்லாம் ஒன்றுமில்லை, லீவு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் போயிருப்பேன். திரும்பி வருவதற்காகவே கப்பல் ஏறுகிற முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நானாக இருந்திருப்பேன்.

அன்றைக்கு மன்மதன் அம்பு முடியும்வரை அப்பத்தா எழுந்திருக்கவில்லை. யாருக்கு யார் ஜோடி என்பதில் அவருக்கு அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. வெனிஸில் குழப்பமெல்லாம் தீர்ந்து பெயர்கள் ஓட ஆரம்பித்த பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“எல்லாரும் எறங்கிட்டாகளாய்யா?”

எறங்கிட்டாக அப்பத்தா என்றேன்.