படாக் பலகையும் பாட்டுக்காரர்களும்

அந்தமானின் போர்ட் பிளேரில், சாத்தம் மில்லில் முப்பது வருடத்துக்கு மேல் மரம் அறுத்தவன் நான். அப்பா இராமநாதபுரம் சீமையிலிருந்து கப்பலேறி வந்தவர். போர்ட் பிளேருக்கு இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. 1883-ல் வெள்ளைக்காரன் தொடங்கிய மில் அது. அந்தமானின் படாக் மரம் அங்கே அறுபட்டுக் கப்பலேறி உலகம் முழுக்கப் போனது. படாக் சிவந்த மரம், கனம் அதிகம். நன்றாகக் காய்ந்த பலகையை விரல் மடக்கித் தட்டினால் திடமான ஒலி எழும். நாங்கள் அந்த ஒலியை வைத்தே மரத்தின் ஈரத்தைக் கணிப்போம்.

இதே மரத்தில் இந்தத் தீவின் மூத்த குடிகள் ஓர் இசைக்கருவி செய்திருந்தார்கள். மில் தொடங்கிய அதே காலத்தில் எட்வர்ட் ஹொரேஸ் மேன் என்ற அதிகாரி அதைப் பற்றி எழுதினார். கிரேட் அந்தமானியர்களுக்கு இருந்த ஒரே இசைக்கருவி அதுதான். கேடய வடிவில், ஏறக்குறைய ஓர் ஆள் நீளத்துக்குச் செதுக்கி, உட்பக்கம் குடைந்த பலகை. குடைந்த பக்கத்தைத் தரையில் கவிழ்த்து, கூரான முனையை ஒரு காலால் அழுத்திக்கொண்டு, மறுகாலால் பாட்டுக்காரர் அதை உதைத்துத் தாளம் போடுவார். கையில் வாசிக்க ஒன்றும் கிடையாது. பாடுகிறவரின் பாதமே தாளக்காரர்.

ஆட்டம் இரவில், குடிசைகளுக்கு நடுவே உள்ள வெட்டவெளியில் நடக்கும். பாட்டுக்காரர் தன் அடிகளைப் பாடிவிட்டுப் பலகையை உதைக்கத் தொடங்கினதும் பெண்கள் பல்லவியை எடுப்பார்கள். அவர்கள் வரிசையாகக் காலை நீட்டி உட்கார்ந்து தொடையில் கை தட்டுவார்கள். ஆண்கள் முதுகை வளைத்து, இரண்டு கையையும் தோள் உயரத்துக்கு முன்னால் நீட்டி, ஒரு கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மறுகை விரல்களோடு கோத்துக்கொண்டு ஆடுவார்கள். 1906 முதல் 1908 வரை இங்கே தங்கி ஆராய்ந்த ராட்கிளிஃப் பிரவுன், 1922-ல் வந்த தன் நூலில் இதையெல்லாம் விரிவாக எழுதியிருக்கிறார்.

அந்த நூலில் என்னைப் பிடித்து நிறுத்திய செய்தி வேறு. ஒவ்வொருவரும் தன் பாட்டைத் தானே கட்டுவார். ஓடம் குடையும்போதோ வில் செதுக்கும்போதோ வாய்க்குள் முனகி முனகி, மனசுக்குப் பிடித்த வடிவம் வந்ததும் பெண்களுக்குப் பல்லவியைச் சொல்லிக்கொடுத்து, அடுத்த ஆட்டத்தில் பாடுவார். ஒருவர் கட்டின பாட்டை ஆட்டத்தில் இன்னொருவர் பாட மாட்டார். தலைமுறை தலைமுறையாக வரும் பரம்பரைப் பாட்டு என்று அவர்களிடம் ஒன்றும் இல்லை.

நம்மூரில் இது யோசிக்கவே முடியாத விஷயம். ஒப்பாரியோ தாலாட்டோ, யார் கட்டியது என்று தெரியாமலே நாலு தலைமுறை தாண்டி வந்து சேரும். அப்படி வந்து சேர்வதைத்தான் நாட்டுப்புறக் கலை என்கிறோம். இங்கே கைமாறியது பாட்டு கட்டும் பழக்கம். பன்றி வேட்டையையும் ஆமை பிடித்ததையும் நாலு அடியில் சொல்லிப் பலகையை உதைக்கத் தெரிந்த ஆள் ஒவ்வொரு குடியிலும் உருவாகிக்கொண்டே இருந்தார். அவர் போனால் அவர் பாட்டும் போகும். அதனால் ஊருக்கு நஷ்டம் இல்லை, அடுத்தவர் கட்டிக்கொண்டிருப்பார்.

1858-ல் ஆங்கிலேயர் கைதிகளைக் கொண்டுவந்து இறக்கியபோது, கிரேட் அந்தமானியர் பத்துக் குடிகளாக, சில ஆயிரம் பேர் இருந்தார்கள். 1877-ல் தட்டம்மை நோய் வந்தது. 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961-ல் 19 பேர். இந்த எண்களை எத்தனையோ இடத்தில் படித்தாயிற்று, இன்னும் மனசு ஆறவில்லை. அவர்கள் வழக்கப்படி துக்கம் காக்கிறவர் ஆடக் கூடாது. துக்கம் முடிவதே ஓர் ஆட்டத்தோடுதான். அம்மை வாரியெடுத்த அந்த வருடங்களில் துக்கம் இல்லாத குடிசை எது? ஆட ஆள் எங்கே, பல்லவி எடுக்கப் பெண்கள் எங்கே, துக்கத்தை முடித்து வைக்க யார் மிஞ்சியிருந்தார்கள்? ஒரு கலை செத்ததற்குக் காரணம் தேடுகிறவர்கள் ரசனை மாறிவிட்டது, சினிமா வந்துவிட்டது என்பார்கள். இங்கே நடந்தது அதுவல்ல. கூடிப் பாட வேண்டிய கூட்டமே இல்லாமல் போனது.

அந்தமானியர்களுக்குப் பொறுப்பாளராக இருந்த போர்ட்மன் அவர்கள் இசையைப் பற்றி 1888-ல் லண்டன் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டி இதழில் கட்டுரை எழுதினார். இசையை எழுதிவைக்க ஆள் இருந்த அதே காலத்தில்தான் பாடியவர்கள் கண்முன்னே குறைந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கட்டுரையை நன்றியோடும் கோபத்தோடும்தான் நினைக்கிறேன்.

மிஞ்சியவர்களை 1970-ஐ ஒட்டி ஸ்ட்ரெயிட் தீவில் குடியமர்த்தினார்கள். 1956 பாதுகாப்புச் சட்டப்படி நம்மைப் போன்றவர்கள் அனுமதியில்லாமல் அங்கே போக முடியாது, போகவும் கூடாது. வைத்தியத்துக்கும் மற்ற வேலைக்கும் போர்ட் பிளேர் வரும்போது அவர்கள் தங்குவதற்கு ஆதி பசேரா என்ற விடுதி இருக்கிறது. மொழியியலாளர் அன்விதா அப்பி 2005 வாக்கில் அவர்களிடம் மொழியையும் கதையையும் பாட்டையும் பதிவு செய்யத் தொடங்கினார். போ மொழியைப் பேசிய கடைசி மனுஷி போவா சீனியர் அவரிடம் பேசினார், பாடினார். தன் மொழியில் பதில் சொல்ல ஆள் இல்லாமல் அந்தப் பாட்டி பறவைகளோடு பேசிக்கொண்டிருந்தார் என்று அப்பி எழுதியிருக்கிறார். போவா சீனியர் 2010 ஜனவரி 26-ல், சுமார் 85 வயதில் இறந்தார். அதற்கு முந்தைய வருடம் கோரா மொழியின் கடைசிக் குரலான போரோவும், கதைசொல்லி நாவோ ஜூனியரும் போயிருந்தார்கள். சாரே மொழி தெரிந்த லீச்சோ 2020 ஏப்ரலில் போனார்.

2013-ல் அன்விதா அப்பிக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. தகுதியான விருது. அவர் வராமல் இருந்தால் அந்தக் குரல்கள் ஒலிநாடாவில்கூட இருக்காது. ஆனால் பாடியவர்களின் பெயர் எந்த விருதுப் பட்டியலிலும் என் கண்ணில் பட்டதில்லை. பதிவு செய்தவரையும் பாடினவரையும் ஒரே மேடையில் உட்கார வைத்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம். போவா சீனியர் உயிரோடு இருந்தபோதே அதைச் செய்திருக்கலாம்.

தமிழ்நாட்டில் இப்போது நல்ல காரியங்கள் நடக்கின்றன. வள்ளி ஒயில் கும்மி பத்ரப்பனுக்கு 2024-ல் பத்மஸ்ரீ. பறை வேலு ஆசானுக்கும், புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்குத் தெருக்கூத்துக்காகவும் 2025-ல். செய்தியைக் கேட்டு நான் வாய்விட்டுச் சந்தோஷப்பட்டேன். இவர்களுக்கெல்லாம் சீடர்கள் உண்டு. ஆசானைக் கௌரவித்தால் அந்த மரியாதை பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும். அந்தமானில் தனியாக ஒருவருக்குச் சால்வை போர்த்துவதோடு விட்டால் போதாது. பல்லவி பாடுகிறவர்கள் இல்லாமல் பாட்டுக்காரரே கிடையாது.

இதை நிக்கோபாரிகள் இன்னும் நடத்திக் காட்டுகிறார்கள். கார் நிக்கோபாரில் இறந்தவர்களை நினைத்து நடத்தும் பெரிய பன்றி விருந்துக்கு ஊரே வருடக்கணக்காகத் தயாராகும். அதற்கென்று புதுப் பாட்டு கட்டி, வாரக்கணக்கில் கூடிப் பழகுவார்கள். ஆட்டம் வட்டமாக, பக்கத்தில் நிற்கிறவர் தோளை முதுகுப்பக்கமாகப் பற்றிக்கொண்டு, மெதுவாகத் தொடங்கி இரவு முழுக்கப் போகும். தாளக்கருவி வேண்டாம், ஒரே குரலாகப் பாடுவதும் காலடியும் போதும். பெரிய குடும்பமான துஹெத், செலவையும் பன்றியையும் பங்கு போட்டுக்கொள்ளும். கலைஞனை யார் காப்பாற்றுவது என்ற கேள்வியே அங்கே எழாது.

2004 டிசம்பர் 26 சுனாமி கடலோர ஊர்களை அழித்தது. சடங்கு மனைகள் இருந்த எல்பானம் என்ற கடற்கரை மைதானங்களையும் கடல் கொண்டுபோயிற்று. மக்கள் உள்ளே தள்ளி வீடு கட்டிக்கொண்டார்கள். ஜனவரியில் போர்ட் பிளேரில் நடக்கும் தீவுச் சுற்றுலா விழாவில் அவர்கள் ஆட்டத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மேடையில் சில நிமிஷம்தான். பார்வையாளருக்கு முகம் காட்ட வேண்டும் என்று வட்டத்தைப் பிறை மாதிரி திறந்து விடுகிறார்கள். நான் மேடைக்கு எதிரி அல்ல, என் பேரப்பிள்ளைகள் அந்த ஆட்டத்தை அங்கேதான் முதலில் பார்த்தார்கள். ஆனால் அந்த வட்டம் உள்ளே பார்த்து நிற்பதற்காக ஏற்பட்டது. இறந்தவரை நினைக்கிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டாமா? விழாவுக்கு வரும் குழுவுக்கு ஒரு திடலைக் கொடுத்து, வட்டத்தை மூடவிட்டு, நம்மைச் சுற்றி நிற்கச் சொல்லலாம்.

பணம் கொடுப்பதிலும் இதே யோசனை வேண்டும். பாட்டுக் கட்டும் மூத்தவருக்கு மாதாமாதம் ஒரு தொகை. அவரோடு பழகும் இளசுகளுக்கும், பல்லவிப் பெண்களுக்கும் பங்கு. விருந்துக்குப் பழகும் வாரங்களில் அரசு வேலையில் உள்ளவர்களுக்கு விடுப்பு. கிரேட் அந்தமானியர் இப்போது ஐம்பது பேர் அளவில் இருக்கிறார்கள், பிள்ளைகள் பேசுவது அந்தமான் இந்தி. அவர்களில் ஒரு பெண்ணோ பையனோ நண்டு பிடித்ததைப் பற்றி இந்தியிலேயே நாலு அடி கட்டிப் பாடினால், அது பழைய வழக்கத்தின் நேர் வாரிசு என்பேன். பழைய மொழியில் இல்லை என்று அதைத் தள்ளிவிட்டு, ஒலிநாடாவில் இருக்கும் பாட்டியின் பாட்டை மனப்பாடம் செய்யச் சொல்வது அவர்கள் முன்னோர் செய்யாத காரியம். அந்தப் பிள்ளையின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, அதன் பெயரிலேயே பாட்டைப் பதிவு செய்து, அதற்குரிய காசை அதன் வீட்டிலேயே கொடுத்துவிட்டு வர வேண்டும்.