சீனி வியாதியும் சோத்துப்பானையும்

சங்கரன்கோவில்ல உக்காந்துகிட்டு ஒருத்தர் இனிப்பை விடணும்னா அது லேசுப்பட்ட காரியம் இல்லை மக்களே. தெற்கே போனா திருநெல்வேலி அல்வா, வடக்கே போனா ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கிழக்கே போனா கோவில்பட்டி கடலைமிட்டாய். எங்கயும் போக வேண்டாம்னு ஊருக்குள்ளயே இருந்தா பிரியாணி. நாலாபக்கமும் முற்றுகை :-)

எங்கப்பாவுக்கு சர்க்கரைன்னு தெரிஞ்சப்போ வெறும் வயித்துல 168, மூணு மாச சராசரி (HbA1c-ன்னு சொல்றதைத்தான் தமிழ்ல 'ஏ ஒன் சி'ன்னு ஆக்கிட்டோமே) 8.2. டாக்டர் கையில் ஒரு அச்சடிச்ச தாள் கொடுத்தார். அப்பா அதைப் படிச்சுட்டு "ஏலே, இதுல சோத்தைத் தவிர எல்லாத்தையும் திங்கலாம்னு போட்டிருக்கு, சோத்தைத் தின்னாம எதைல திங்க?"ன்னு கேட்டார். அந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டு போனதுதான் இந்தப் பதிவு. (டிஸ்கி: நான் கோடு எழுதிப் பிழைக்கிற ஆளு, டாக்டர் இல்லை.)

இந்த வியாதிக்குப் பத்தியம் சொல்றது புதுசு இல்லை. சுசுருத சம்ஹிதையில் மதுமேகத்தை ரெண்டு வகையாப் பிரிச்சிருக்காங்க. பிறவியிலேயே வர்றது ஒண்ணு, கண்டதைத் தின்னு வர்றது இன்னொண்ணு. ரெண்டாவது வகைக்குச் சொன்ன வைத்தியம் இருக்கே, பிரமாதம். கையில் காசில்லாதவன் செருப்பும் குடையும் இல்லாம, பிச்சை எடுத்துச் சாப்பிட்டுக்கிட்டு நூறு யோசனை தூரம் நடக்கணும். கிணறு வெட்டணும்னும் ஒரு யோசனை உண்டு. சாப்பாட்டுக்கு சியாமாகம்னு ஒரு புல்லரிசி. அதைத்தான் நம்ம கரிசக்காட்டு குதிரைவாலின்னு பலர் அடையாளம் சொல்றாங்க. ஆக நடை, வேலை, முழுத் தானியம். அந்த அச்சடிச்ச தாள்லயும் கிட்டத்தட்ட இதேதான் இருந்தது, கிணறைத் தவிர.

ஐரோப்பாக்காரங்க கதை கொஞ்சம் கொடூரம். 1870-71ல் பாரிஸ் நகரத்தை ஜெர்மன் படை முற்றுகை போட்டு, ஜனங்க பட்டினி கிடந்தாங்க. அப்போ பூஷார்தான்னு ஒரு வைத்தியர், தன்கிட்ட வர்ற நீரிழிவுக்காரங்க பலருக்குச் சிறுநீர்ல சர்க்கரை குறைஞ்சு போனதைக் கவனிச்சார். கம்மியா சாப்பிடுங்க, உடம்பை அசைங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தவர் அவர். அதையே ஒரு எல்லைக்குக் கொண்டு போனவர் அமெரிக்காவின் ஃபிரெடரிக் ஆலன். 1910-களில் நோயாளிகளைக் கிட்டத்தட்ட பட்டினியே போட்டார். பிஞ்சுக் குழந்தைகள் எலும்பும் தோலுமா சில மாசமோ சில வருஷமோ கூடுதலா உயிரோட இருந்தாங்க, அவ்வளவுதான். 1922 ஜனவரியில் டொரோண்டோவில் லியோனார்ட் தாம்ப்சன்ங்கிற 14 வயசுப் பையனுக்கு இன்சுலின் போட்ட பிறகுதான் அந்தக் கொடுமை முடிவுக்கு வந்தது. இன்சுலினுக்கு உடம்பு சரியா மசியாத வகை ஒண்ணு தனியா இருக்குன்னு ஹிம்ஸ்வொர்த் எழுதினது 1936ல். எங்கப்பாவுக்கு இருக்கிறது அந்த வகை.

இப்போ நம்மூருக்கு வருவோம். எங்க ஆச்சி காலத்துல இந்தக் கரிசல் பக்கம் நெல்லுச்சோறுங்கிறது பொங்கல், தீபாவளி, கல்யாண வீட்டுச் சங்கதி. மத்த நாளெல்லாம் கம்மஞ்சோறு, சோளச்சோறு, கேப்பைக்களி, குதிரைவாலி. வெள்ளைச் சோறுன்னா அந்தஸ்து. 'அவங்க வீட்ல தினமும் நெல்லுச்சோறு'ன்னு ஊரே பேசும். அந்த அந்தஸ்து எல்லா வீட்டுக்கும் எப்படி வந்ததுங்கிறதுதான் இந்தக் கதையோட நடுப்பகுதி.

முதல்ல மில் வந்தது. உரல்ல குத்தின அரிசியில் தவிடு கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கும். மில்லு அதை வழிச்சு எடுத்து மல்லிப்பூ மாதிரி ஆக்கிடுச்சு. 1920-களில் குன்னூரில் இருந்து ஆராய்ச்சி பண்ணின ராபர்ட் மெக்கரிசன், இந்தியாவின் பல பகுதிச் சாப்பாட்டை எலிகளுக்குப் போட்டுப் பார்த்தார். சீக்கியர் சாப்பாட்டை (கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி) சாப்பிட்ட எலிகள் கொழுகொழு. கடைசி வரிசையில நின்னது வங்காளத்துச் சாப்பாடும் நம்ம மெட்ராஸ் சாப்பாடும். அவர் பார்த்தது சத்துக்குறைவை, சர்க்கரையை இல்லை. ஆனா தட்டுல வெறும் தீட்டின அரிசியா இருந்தா சிக்கல்னு அப்பவே கோடு போட்டுக் காட்டிட்டார்.

அப்புறம் 1966ல் ஐ.ஆர். 8 மாதிரி குட்டை ரக நெல்லு. 1967 தேர்தல்ல ரூபாய்க்கு படி அரிசி. 2006ல் கிலோ ரெண்டு ரூபாய், 2008ல் ஒரு ரூபாய், 2011ல் இருந்து ரேஷன்ல இலவசம். இதைச் சொன்ன உடனே 'இலவச அரிசியாலதான் எல்லாம் கெட்டுச்சு'ன்னு ஒரு கூட்டம் கிளம்பும். எனக்கு அதுல துளியும் உடன்பாடு இல்லை. எங்க ஆச்சி கம்மங்கூழ் குடிச்சது ஆரோக்கியத்துக்காக இல்லை, வேற இல்லாததால. சில நாள் அந்தக் கூழும் இல்லை. பாரிஸ் முற்றுகை ஏதோ நாலஞ்சு மாசம். கரிசக்காட்டு சம்சாரிக்கு அது ஆயுசு பூரா. அந்தப் பசியை ரேஷன் அரிசி தீர்த்தது. சின்ன விஷயமா அது?

ஆனா அரிசி வந்த அதே காலத்துல உடம்பு வேலை போயிடுச்சு. எங்க ஊர் நெசவு ஊர். கைத்தறியில உக்காந்தா காலும் கையும் நாள் முழுக்க ஆடணும். விசைத்தறி வந்தப்புறம் ஓடுறது மோட்டார், ஆளு நின்னு நூலைப் பார்த்துக்கிட்டா போதும். அடுத்த தலைமுறை என்னை மாதிரி, அதுவும் நிக்காம சுத்துற நாற்காலியில. சோறு மட்டும் தாத்தா சாப்பிட்ட அதே கும்பாவுல.

விளைவு கணக்குல தெரியுது. சென்னையில எடுத்த ஆய்வுகள்ல, பெரியவங்கள்ல சர்க்கரை உள்ளவங்க 1989ல் 8.3 சதவீதம், 1995ல் 11.6, 2000ல் 13.5. அதுக்குப் பிறகு வந்த, 26,001 பேரை எடுத்துக்கிட்ட 'க்யூர்ஸ்' ஆய்வில் 14.3.

இதை எல்லாருக்கும் முன்னாடி கையில எடுத்தவர்னு எம். விஸ்வநாதனைச் சொல்லணும். 1948ல் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் சர்க்கரை நோய்க்குன்னே தனிப் பிரிவு ஆரம்பிச்சார், நாட்டுலயே முதல். 1954ல் ராயபுரத்துல தனி மருத்துவமனை. அவர்கிட்ட எனக்குப் பிடிச்சது, வெள்ளைக்காரன் பத்தியத்தை அப்படியே நம்ம தலையில கட்டாதது. தெற்கத்திக்காரனுக்குச் சோத்தைப் பிடுங்கினா நாலாம் நாள் பத்தியமே போயிடும். அதனால தானியம் இருக்கட்டும், ஆனா பயறு, பருப்பு, கீரை, காய்னு நார்ச்சத்தை ஏத்துன்னார். அப்பாவோட கேள்விக்குப் பாதி பதில் அங்கேயே இருக்கு.

மீதிப் பாதி 2006ல் வந்தது. ஏ. ராமச்சந்திரன் குழுவோட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு. சர்க்கரை வர்ற விளிம்புல நின்ன 531 பேரை நாலு கூட்டமாப் பிரிச்சாங்க. சும்மா விட்டவங்கள்ல மூணு வருஷத்துல 55 சதவீதம் பேருக்கு வியாதி வந்துடுச்சு. சாப்பாட்டைத் திருத்தி, தினம் அரைமணி நேரம் நடந்தவங்கள்ல 39.3. மாத்திரை மட்டும் போட்டவங்கள்ல 40.5. இதுல விசேஷம் என்னன்னா, நடந்தவங்களுக்கு எடை பெரிசா குறையலை, அப்படியும் பலன் கிடைச்சுது. இவங்களே 2013ல் இன்னொண்ணு பண்ணினாங்க. வேலைக்குப் போற 537 ஆம்பளைங்கள்ல பாதிப் பேருக்கு செல்போன்ல குறுஞ்செய்தியா 'நடங்க, இதைக் குறைங்க'ன்னு ரெண்டு வருஷம் அனுப்பினாங்க. செய்தி வந்தவங்கள்ல 18 சதவீதம், வராதவங்கள்ல 27 சதவீதம் பேருக்கு சர்க்கரை வந்தது. என் தொழில்ல உருப்படியா ஒரு வேலை!

இனி சிறுதானியம். 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டா அறிவிச்சதுக்கு அப்புறம் யூடியூப் திறந்தா கம்பும் தினையும்தான். நல்லதுதான். ஆனா மாவா அரைச்சுக் களியாக் கிண்டி மூணு உருண்டை சாப்பிட்டா அதுவும் சர்க்கரையை ஏத்தத்தான் செய்யும். முழுசா, அளவா சாப்பிட்டாத்தான் வித்தியாசம். கருப்பட்டியும் அப்படியே. அது கறுப்பா இருக்கிற சீனி, அவ்வளவுதான். எங்க பெரியப்பா ஒரு வீடியோ பார்த்துட்டு, கம்பு போதும்னு மாத்திரையை நிறுத்தினார். எட்டாம் மாசம் கால் புண் ஆறாம ஒரு விரலை எடுக்க வேண்டியதாப் போச்சு. அந்த வீடியோவை அவருக்கு அனுப்பினது நல்ல மனசுள்ள சொந்தக்காரர்தான், அதான் கஷ்டமா இருக்கு. கோமதியம்மன் கோவில் புற்றுமண் ஒரு சிட்டிகை அப்பாவும் பூசிக்கிறார். அது நம்பிக்கை. மாத்திரை டப்பா பக்கத்துல இருக்கிற வரைக்கும் எனக்கு அதுல சண்டை இல்லை.

எங்க வீட்ல நடந்தது இதுதான். சோறு மத்தியானம் மட்டும், ரெண்டு கரண்டி, அம்மா கையால அளந்து. வெஞ்சனம் தட்டுல பாதி. சாயங்காலம் முறுக்குக்குப் பதிலா காணம் இல்லைன்னா பாசிப்பயறுச் சுண்டல். ராத்திரி குதிரைவாலி உப்புமா, அதை அப்பா ரெண்டு வாரம் திட்டிக்கிட்டே தின்னார். காலையில நாலு ரத வீதியையும் சுத்தி நடை. முதல் வாரம் 'சுகராண்ணே?'ன்னு டீக்கடையில கேட்டாங்கன்னு வெக்கப்பட்டு வீட்ல இருந்துட்டார். அப்புறம் அந்த டீக்கடைக்காரரே சேர்ந்து நடக்க ஆரம்பிச்சுட்டார். நாலு மாசம் கழிச்சு 7.1. மாத்திரை அப்படியே தொடருது.

காணத் தொவையல், காணரசம் தவிர அம்மாவுக்கு இப்போ சரக்கு தீர்ந்து போச்சு. உங்க ஊர்ல உங்க ஆச்சி, பாட்டி, அம்மாச்சி பயறு வகையில என்ன வெஞ்சனம் பண்ணுவாங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. தேங்காய் கம்மியா இருந்தா விசேஷம்.